மஜ்ஜை மாற்று வார்டும் வைரஸ்களும்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் குழந்தையின் பழைய மஜ்ஜை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழிக்கப்படுகிறது. பிறகு கொடையாளியிடமிருந்து எடுத்த குருத்தணுக்கள், இரத்தம் ஏற்றுவதுபோலவே சிரை வழியாகச் செலுத்தப்படுகின்றன. அவை எலும்புக்குள் குடியேறிப் புதிய இரத்த அணுக்களை உண்டாக்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அதற்குள் திரும்பிவிடுகின்றன. வைரஸ் தொற்றிய அணுக்களைக் கண்டுபிடித்து அழிக்கும் டி அணுக்கள் அவ்வளவு விரைவில் வருவதில்லை. பல மாதங்கள் ஆகும். சில குழந்தைகளுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். கொடையாளியின் அணுக்கள் குழந்தையின் உடலைத் தாக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் அந்தக் காலத்தை இன்னும் நீட்டுகின்றன. மற்றப் பிள்ளைகளுக்கு நான்கு நாள் மூக்கொழுகலாக வந்து போகும் ஒரு வைரஸ், இந்த இடைவெளியில் உயிரைப் பறிக்கும் நிமோனியாவாக மாறக்கூடும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி., ரோட்டாவைரஸ், அடினோவைரஸ் போன்ற வைரஸ்களை மனிதர்கள் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் சந்தித்துவிடுகிறார்கள். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு ஆற்றல் இல்லாத கைக்குழந்தையோ, இரண்டு வயதில் லுகேமியா வந்த குழந்தையோ அவற்றை முதன்முதலாகச் சந்திப்பது மாற்றுச் சிகிச்சை வார்டிலாகவே இருந்துவிடலாம். அதோடு, குழந்தை கையை வாயில் வைக்கும், தரையில் தவழும், கிடைத்த பொம்மையைக் கடிக்கும். அதன் துணியை மாற்ற ஒருவர் தொட்டாக வேண்டும். அழுதால் ஒருவர் தூக்கியாக வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனையில் தொற்றியதாகக் கொள்வது பொதுவான கணக்கு. பாக்டீரியாவுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கு வைரஸ்களுக்குப் பொருந்தாது. நோரோவைரஸ் ஒன்றிரண்டு நாளில் வெளிப்பட்டுவிடும். ஆர்.எஸ்.வி. 2 முதல் 8 நாள் எடுக்கும். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள். இன்னும் சில வைரஸ்கள் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, காவல் தளர்ந்ததும் எழுகின்றன. ஆகவே இந்தத் துறையின் வரலாறு, வைரஸ் எந்த வழியாக வந்தது என்ற ஒரே கேள்விக்குத் தலைமுறைதோறும் கிடைத்த வெவ்வேறு விடைகளின் வரலாறாகவே இருக்கிறது.

மனிதருக்கு மஜ்ஜையைச் சிரை வழியே செலுத்திப் பார்த்த முதல் முக்கியமான அறிக்கையை அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957இல் வெளியிட்டார். அதில் இடம்பெற்ற 6 நோயாளிகளில் ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு யூகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு உலையில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்குப் பாரிஸில் ஜார்ஜ் மத்தே மஜ்ஜை செலுத்தினார். திசுப் பொருத்தம் பற்றிய அறிவு வளரும்வரை பத்தாண்டுகள் தோல்வியிலேயே கழிந்தன. 1968இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, எதிர்ப்பு ஆற்றல் இன்றிப் பிறந்த ஒரு ஆண் குழந்தைக்கு அவனுடைய அக்காவின் மஜ்ஜையைப் பொருத்தியது. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து பெரியவனானான். இந்தச் சிகிச்சை வெற்றிபெற முடியும் என்பதை ஒரு குழந்தையின் உடலே முதலில் மெய்ப்பித்தது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் அஞ்சியது பாக்டீரியாவையும் பூஞ்சையையும்தான். வைரஸ்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டறிய வாரங்கள் ஆனதால், பல மரணங்களுக்கு வைரஸ்தான் காரணம் என்பதே தெரியாமல் போயிற்று. நோயாளியைச் சுற்றித் தடுப்பு எழுப்புவதே அன்றைய வழியாக இருந்தது. கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் கூடாரம் அமைத்து, அதில் பதித்த நீண்ட கையுறைகளுக்குள் கைவிட்டு நர்ஸ்கள் வேலை செய்தார்கள். தொழிற்கூடங்களுக்காக 1960களின் தொடக்கத்தில் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் உருவாக்கிய தூய்மை அறையின் முறை மருத்துவமனைக்கும் வந்தது. அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் தூசியைப் பிடிக்கப் பயன்பட்ட ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்று ஒரே சீராக அறைக்குள் வீசியது. உணவு, புத்தகம், பொம்மை எல்லாம் கிருமிநீக்கம் செய்யப்பட்டே உள்ளே போயின. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளைத் தடுப்பதில் இந்த ஏற்பாடு உண்மையிலேயே பலன் தந்தது. வைரஸ்களுக்கோ வேறு வாசல்கள் இருந்தன.

அவற்றில் ஒன்றை ஹூஸ்டனில் நடந்த ஒரு சோகம் உலகுக்குக் காட்டியது. டேவிட் வெட்டர் 1971 செப்டம்பர் 21 அன்று, முற்றிலும் எதிர்ப்பு ஆற்றல் இல்லாத நிலையில் பிறந்தான். பிறந்த சில நொடிகளிலேயே கிருமியற்ற பிளாஸ்டிக் அறைக்குள் வைக்கப்பட்டான். பெற்ற தாயும் கையுறை வழியாகத்தான் அவனைத் தொட முடிந்தது. முழுமையாகப் பொருந்தும் கொடையாளி கிடைக்காததால் ஆண்டுகள் ஓடின. 1983 அக்டோபரில், பாதிப் பொருத்தம் உள்ள அக்காவின் மஜ்ஜையிலிருந்து டி அணுக்களை நீக்கி அவனுக்குச் செலுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து, 1984 பிப்ரவரி 22 அன்று, பன்னிரண்டாவது வயதில் அவன் இறந்தான். உடற்கூறாய்வில் உடலெங்கும் நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகள் காணப்பட்டன. அவற்றை உண்டாக்கியது எப்ஸ்டீன் பார் வைரஸ். அக்காவின் மஜ்ஜையில் எந்தத் தொல்லையும் தராமல் உறங்கிக் கிடந்த அந்த வைரஸ், அவளுடைய பி அணுக்கள் என்ற வெள்ளணுக்களோடு சேர்ந்து அவனுக்குள் புகுந்திருந்தது. காற்றையும் நீரையும் உணவையும் பன்னிரண்டு ஆண்டுகள் வடிகட்டிக் காத்த ஒரு பிள்ளைக்கு, அவனைப் பிழைக்க வைக்கக் கொடுத்த மருந்திலேயே வைரஸ் வந்து சேர்ந்தது. கொடையாளியின் வைரஸ் வரலாற்றையும் திசுப் பொருத்தத்தைப் போலவே கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற பாடத்துக்கு அந்தச் சிறுவன் கொடுத்த விலை மிகப் பெரிது.

ஏறக்குறைய அதே காலத்தில் சியாட்டில் நகரத்தில் வேறொரு வைரஸ் மாற்றுச் சிகிச்சையையே நிலைகுலையச் செய்துகொண்டிருந்தது. டானல் தாமஸ் அங்கே குடியேறி, 1975இல் திறக்கப்பட்ட ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் தம் பணியைத் தொடர்ந்தார். மாற்று முடிந்து இரண்டு மூன்று மாதங்களில், புதிய மஜ்ஜை நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, நோயாளிகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களுடைய நுரையீரலில் ஜோயல் மையர்ஸும் சக ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பக் கண்டது சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.). சி.எம்.வி. நிமோனியா வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்த காலம் அது.

அந்த வைரஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது விடை இரண்டாகப் பிரிந்தது. முன்பே தொற்று ஏற்பட்டவர்களின் உடலில் அது மீண்டும் எழுந்தது. ஒருபோதும் தொற்று ஏற்படாதவர்களுக்கோ, ஏற்றப்பட்ட இரத்தத்திலும் தட்டணுக்களிலும் இருந்த கொடையாளியின் வெள்ளணுக்களோடு அது வந்தது. மஜ்ஜை மாற்றுக் குழந்தைக்கு வாரக்கணக்கில் இரத்தமும் தட்டணுவும் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பையும் ஒரு வாய்ப்பு. சி.எம்.வி. தொற்றாத கொடையாளிகளின் இரத்தத்தை மட்டுமே கொடுத்தால், தொற்றாத நோயாளிகளைக் காக்கலாம் என்று ரெய்லீ பௌடன் குழு 1986இல் நிறுவியது. வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கிய இரத்தமும் ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்பானது என்பதை அவர்கள் 1995இல் காட்டினார்கள். இரத்தப் பையோடு இணைத்த சின்னஞ்சிறு வடிகட்டி, பெரும் செலவில் அமைத்த காற்றறைகளால் தடுக்க முடியாத ஒரு வைரஸைத் தடுத்தது.

மருந்தும் 1980களில்தான் வந்தது. 1981இலேயே, உதட்டிலும் வாயிலும் புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் எழாமல் அசைக்ளோவிர் தடுக்கும் என்று காட்டப்பட்டிருந்தது. 1988இல் கேன்சைக்ளோவிரையும் இம்யூனோகுளோபுலினையும் சேர்த்துக் கொடுத்தபோது, சி.எம்.வி. நிமோனியா வந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்குப் பிழைத்தார்கள். ஆனால் பெரிய மாற்றம் 1991இல் வந்தது. நோய் தோன்றும்வரை காத்திருக்காமல், வைரஸ் வெளிப்படத் தொடங்கியதற்கான அடையாளம் கிடைத்ததும் மருந்தைத் தொடங்கினால் நிமோனியாவையே தவிர்க்கலாம் என்று இரண்டு ஆய்வுகள் காட்டின. வாரந்தோறும் இரத்தத்தைச் சோதித்து வைரஸை முந்திக்கொள்ளும் இந்த வழக்கம் பிறகு பிற வைரஸ்களுக்கும் பரவியது.

இரத்தம் வழியாக வந்தது சி.எம்.வி. மட்டுமல்ல. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள குழந்தைகள் மஜ்ஜை மாற்றுக்கு வரும் முன்பே பல ஆண்டுகள் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் 1989இல் அடையாளம் காணப்படும்வரை அதற்குச் சோதனையே இல்லை. இந்தியாவில் கொடையாளி இரத்தத்துக்கு அந்தச் சோதனை கட்டாயமானது 2001இல்தான். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லீரல் கெட்ட நிலையில் மாற்றுச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் துயரம், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனை அவர்களுக்குக் கொடுத்தது.

சின்னம்மை மற்றொரு கதை. அது உண்மையாகவே காற்றில் பரவும் நோய். புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கும். 1970களில் குழந்தைகள் புற்றுநோய் வார்டுகளில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் தோன்றினால் மொத்த வார்டும் கலங்கியது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்கஹாஷி ஹூஸ்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, 1964இல், அவருடைய மூன்று வயது மகன் சின்னம்மையில் கடுமையாகத் துன்பப்பட்டான். அந்த அனுபவம் அவரைத் தடுப்பூசி ஆராய்ச்சிக்குத் திருப்பியது. ஓக்கா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸை வலுவிழக்கச் செய்து அவர் உருவாக்கிய தடுப்பூசி பற்றி 1974இல் வெளியான முதல் அறிக்கை, மருத்துவமனை வார்டில் பரவும் சின்னம்மையைத் தடுப்பது பற்றியதுதான். வார்டில் ஒரு குழந்தைக்கு நோய் தெரிந்ததும் மற்றவர்களுக்கு உடனே ஊசி போட்டார்கள், பரவல் நின்றது. இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி, மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கும் கவலையிலிருந்து முளைத்தது. உயிருள்ள வைரஸ் என்பதால் மாற்று முடிந்த குழந்தைக்கு அதை உடனே போட முடியாது. ஆனால் அந்தக் குழந்தையின் அண்ணன், அக்காவுக்கும், வார்டு ஊழியருக்கும் போடலாம்.

சின்னம்மை கட்டடப் பொறியியலில் ஒரு முரணையும் வெளிக்கொண்டு வந்தது. பூஞ்சை வித்து உள்ளே வராமலிருக்க மஜ்ஜை மாற்று அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும்; கதவைத் திறந்தால் காற்று வெளியே போகும். அந்த அறையில் இருக்கும் குழந்தைக்கே சின்னம்மை வந்துவிட்டால், அதே காற்று வைரஸை நடைபாதைக்கும் பக்கத்து அறைகளுக்கும் கொண்டுபோகும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் தடம் காட்டும் வாயுவை அறைக்குள் விட்டு, அது எங்கெங்கே போகிறது என்று அளந்து, நோய் பரவிய அறைகளோடு ஒப்பிட்டார்கள். காற்றின் பாதையும் நோயின் பாதையும் பெரிதும் ஒத்துப்போயின. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே, தனி அழுத்தம் கொண்ட முன்னறை ஒன்று வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது.

வயிற்றுப்போக்கு வைரஸ்கள் நெடுநாள் கவனிக்கப்படவே இல்லை. மஜ்ஜை மாற்று நோயாளிக்கு வயிறு போவது கதிர்வீச்சாலோ, கொடையாளி அணுக்களின் தாக்குதலாலோ என்று எண்ணிக்கொள்வது எளிதாக இருந்தது. மெல்போர்னில் ரூத் பிஷப் 1973இல் ரோட்டாவைரஸைக் கண்டறிந்த பிறகே குழந்தைகளின் மலத்தில் வைரஸைத் தேடும் வழி திறந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ராபர்ட் யோல்கனும் குழுவினரும் மஜ்ஜை மாற்று பெற்ற 78 பேரைத் தொடர்ந்து சோதித்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். 31 பேருக்கு ரோட்டாவைரஸோ, அடினோவைரஸோ, காக்ஸாக்கி வைரஸோ, குடல் பாக்டீரியாவோ தொற்றியிருந்தது. தொற்றியவர்களில் 55 சதவீதம் பேர் இறந்தார்கள்; தொற்றாதவர்களில் 13 சதவீதம். அதே மருத்துவமனையில் காக்ஸாக்கி ஏ1 வைரஸ் பரவியபோது 14 நோயாளிகளில் 7 பேருக்குத் தொற்றி, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். இவ்வகை வைரஸ்கள் பலவற்றுக்கு வெளியுறை கிடையாது. அதனால் கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தால் அவை எளிதில் அழிவதில்லை. நோரோவைரஸ், அடினோவைரஸ் இரண்டும் கதவுக் கைப்பிடியிலும் கட்டில் கம்பியிலும் நெடுநேரம் உயிர்த்திருக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும் குளோரின் கரைசலுமே அவற்றுக்குச் சரியான எதிரிகள். மாற்று முடிந்த குழந்தைகளில் சிலர் நோரோவைரஸை மாதக்கணக்கில் மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பது பின்னர் தெரிந்தது. அவர்களுக்கு நோய் நீங்காமல் இருப்பதோடு, வார்டின் மற்றக் குழந்தைகளுக்கும் ஆபத்து தொடர்ந்தது.

இந்த வரலாற்றில் மிகத் தெளிவான சிந்தனையைத் தந்தவர், மஜ்ஜை மாற்று மருத்துவர் அல்லாத ஒருவர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த கரோலின் பிரீஸ் ஹால், ஆர்.எஸ்.வி. என்ற நுரையீரல் வைரஸைத் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வேறு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வார்டிலேயே ஆர்.எஸ்.வி. தொற்றியது. எவ்வளவு நாள் தங்கினார்களோ அவ்வளவு ஆபத்து கூடியது. ஊழியர்களில் ஐந்தில் இருவருக்கும் தொற்றியிருந்தது. அவர்களுக்கு அது வெறும் சளி. வேலைக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

வைரஸ் எப்படிப் பயணம் செய்கிறது என்று அறிய ஹால் செய்த சோதனை எளிமையானது, துணிச்சலானது. ஆர்.எஸ்.வி. வந்த குழந்தைகளோடு பழகத் தாமாக முன்வந்த ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார். முதல் பிரிவினர் குழந்தையைத் தூக்கி, கொஞ்சி, பால் கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவினர் குழந்தை அறையில் இல்லாத நேரத்தில் அதன் கட்டிலையும் பொருட்களையும் தொட்டுவிட்டுத் தங்கள் கண்ணையும் மூக்கையும் தடவிக்கொண்டார்கள். மூன்றாம் பிரிவினர் கட்டிலிலிருந்து ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து, எதையும் தொடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய 7 பேரில் 5 பேருக்கும், தொட்ட 10 பேரில் 4 பேருக்கும் தொற்றியது. உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 1981இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு, காற்றையே நோக்கிக்கொண்டிருந்த மருத்துவமனைகளின் பார்வையைக் கைகளின் பக்கம் திருப்பியது. மேசைப் பரப்பில் அந்த வைரஸ் ஆறு மணி நேரம்வரை உயிர்த்திருக்கும் என்பதையும் அவர் முந்தைய ஆண்டே காட்டியிருந்தார். பிறகு, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடிகளை ஊழியர்கள் அணிந்தபோது அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தொற்று குறைந்தது. தம்மை அறியாமல் முகத்தைத் தொட்டுக்கொள்ளும் பழக்கமே வைரஸுக்கு வழிவிடுகிறது என்பது அதனால் உறுதியானது.

மஜ்ஜை மாற்று உலகம் இந்தப் பாடத்தைப் பெருஞ்சேதத்தோடுதான் ஏற்றுக்கொண்டது. 1990இன் தொடக்கத்தில், குளிர்காலத்தின் 13 வாரங்களில், சியாட்டில் மையத்தின் 31 நோயாளிகளுக்கு ஆர்.எஸ்.வி. தொற்றியது. 18 பேருக்கு அது நிமோனியாவாயிற்று. அவர்களில் 14 பேர் இறந்தார்கள். உலகிலேயே அனுபவம் மிகுந்த மஜ்ஜை மாற்று மையம் அது. வடிகட்டிய காற்று இருந்தது, திறமையான மருத்துவர்கள் இருந்தார்கள். மழலையர் பள்ளியில் சளி பிடித்த ஒரு சிறுவனோ, லேசான தும்மலோடு வந்த ஒரு ஊழியரோ போதுமாக இருந்தது. இதன் பிறகே நோயாளியைத் தனிமைப்படுத்துதல், வருகையாளரை வாசலிலேயே விசாரித்தல், சளி உள்ள ஊழியரைப் பணியிலிருந்து விலக்குதல், மாற்றுக்கு முன் குழந்தைக்குச் சளி இருந்தால் சிகிச்சையைத் தள்ளிவைத்தல் ஆகியவை ஒரே தொகுப்பாக நடைமுறைக்கு வந்தன. விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் துப்புரவுப் பணியாளரும் நர்ஸும் சளியோடு வேலைக்கு வரத்தான் செய்வார்கள். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஒரு வடிகட்டியைப் போலவே தொற்றுத் தடுப்புக் கருவி என்பதை மருத்துவமனை நிர்வாகங்கள் மெல்லத்தான் உணர்ந்தன. இன்னும் உணராத இடங்கள் நிறைய.

கைகள்தான் வழி என்றால், மிகுதியாகத் தொடும் கைகள் பெற்றவளுடையவை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் தொற்றைக் காரணம் காட்டித் தாய் தந்தையரை வாரம் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் துயரை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் படமாக்கிக் காட்டினார். 1959இல் பிரிட்டனில் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. மஜ்ஜை மாற்று வார்டில் அந்தப் பழைய தடை இன்னும் நெடுநாள் நீடித்தது. பிறகு மெல்ல, பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு தங்குவதும், அவருக்குக் கை கழுவப் பயிற்சி தருவதும், அவருடைய உடல்நிலையை நாள்தோறும் கேட்டறிவதும் வழக்கமாயின. தாயை வெளியே நிறுத்துவதைவிட, அவரையும் வார்டின் ஊழியர்களில் ஒருவராகக் கருதிப் பயிற்றுவிப்பது குழந்தைக்கும் நல்லது, தொற்றுத் தடுப்புக்கும் நல்லது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பொம்மைகளுக்கும் இடம் இருந்தது: எதைக் கழுவலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், தண்ணீர் தேங்கும் குளியல் பொம்மைகள் ஏன் கூடாது என்பவை உட்பட. அறைக்கு மணிக்கு 12 முறைக்குக் குறையாமல் காற்று மாற வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில் இருந்தது.

அடினோவைரஸ் இந்த வழிகாட்டு நெறிகளையெல்லாம் தாண்டிய புதிர். 1953இல் வாலஸ் ரோவும் சகாக்களும் குழந்தைகளிடமிருந்து அறுவை செய்து நீக்கிய அடினாய்டு திசுவில் அதைக் கண்டார்கள்; பெயரும் அதனாலேயே வந்தது. மாற்று முடிந்த பெரியவர்களைவிடக் குழந்தைகளை அது அதிகம் தாக்குகிறது. கல்லீரல், நுரையீரல், சிறுநீர்ப்பை, குடல் என்று பரவிவிட்டால் காப்பாற்றுவது கடினம். தொடுதல் வழியாக வார்டில் பரவுவதும் உண்டு. ஏ31 என்ற வகை பாரிஸில் குழந்தைகள் இரத்தநோய் வார்டு ஒன்றில் பரவியதாக அறிக்கை இருக்கிறது. ஆயினும் எல்லாத் தொற்றும் வார்டில் வந்தவை அல்ல என்ற ஐயம் வலுத்தது. வியன்னாவில் தோமாஸ் லியோன் குழு 2003இல், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையில் குழந்தைகளின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தால், நோய் உடலெங்கும் பரவுவதற்கு மூன்று வாரத்துக்கும் மேல் முன்னதாகவே வைரஸைக் காண முடியும் என்று காட்டியது. இரத்தத்தில் தெரிவதற்கும் முன்பே மலத்தில் வைரஸின் அளவு ஏறுவதை அடுத்த ஆய்வுகள் காட்டின. எப்போதோ வந்த சாதாரணத் தொற்றின் எச்சமாகக் குடலின் நிணநீர் அணுக்களில் பதுங்கியிருந்து, டி அணுக்கள் இல்லாதபோது அது பெருகுகிறது.

அப்படியானால் ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளுக்கு அடினோவைரஸ் வந்தால், அது வார்டின் குறையா, தற்செயலா? வைரஸின் முழு மரபணுத் தொடரைப் படிக்கும் முறை வந்த பிறகே இதற்கு விடை சொல்ல முடிந்தது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் மாதிரிகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, யாரிடமிருந்து யாருக்கு வைரஸ் போனது என்பதையும், ஒரே குழந்தைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்திருப்பதையும் இந்த முறையால் பிரித்தறிய முடியும் என்று காட்டியது. ஒரு பரவலுக்கு வார்டையும் ஊழியரையும் குறைகூறும் முன், வைரஸ்கள் உண்மையிலேயே ஒன்றுதானா என்று பார்க்கும் நேர்மையான வழி இது. வார்டில்தான் பரவியது என்று தெளிவானால், மறைக்க முடியாத சான்றும் இதுவே.

அடினோவைரஸுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிடோஃபோவிர் மருந்தைத் தவிர நெடுநாள் வேறு வழி இருக்கவில்லை. உண்மையான நிவாரணம் டி அணுக்கள்தான் என்பதால், அவற்றையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. சியாட்டிலில் ஸ்டான்லி ரிடெல் குழு 1992இல் சி.எம்.வி.யைத் தாக்கும் டி அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்தது. மெம்ஃபிஸ் நகரின் செயிண்ட் ஜூட் மருத்துவமனையில் கிளியோனா ரூனியும் சகாக்களும் 1995இல், டேவிட் வெட்டரைக் கொன்ற அதே எப்ஸ்டீன் பார் வைரஸுக்கு எதிரான அணுக்களைக் குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். அந்த வழியில் வந்த டாபெலெக்லியூசெல் என்ற அணு மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதி வழங்கியது. இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதைக் கொடுக்கலாம். பல வைரஸ்களை ஒருசேரத் தாக்குமாறு உருவாக்கிய போசோலியூசெல், இறுதிக்கட்டச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தராததால் 2023இல் நிறுத்தப்பட்டது. சி.எம்.வி.யைத் தடுக்கும் லெட்டர்மோவிர் பெரியவர்களுக்கு 2017இலும் குழந்தைகளுக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மூச்சுப்பாதை வைரஸ்களில் இன்னொரு திருப்பம் முகக்கவசத்தால் வந்தது. அறிகுறியே இல்லாதவர்களும் பாராஇன்ஃபுளுயென்சா வைரஸை வெளியேற்றக்கூடும் என்பதால், சளி உள்ளவர்களை மட்டும் விலக்குவது போதவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனை, மாற்று நோயாளிகளை நேரில் அணுகும் ஒவ்வொருவரும் ஆண்டு முழுவதும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று 2009இல் விதித்தது. அதற்குமுன் 10.3 சதவீத நோயாளிகளுக்கு வந்த மூச்சுப்பாதை வைரஸ் தொற்று 4.4 சதவீதமாகக் குறைந்தது. 2020இல் கொரோனா அதை உலகெங்கும் கட்டாயமாக்கியபோது ஆர்.எஸ்.வி.யும் ஃப்ளூவும் ஒரு பருவம் காணாமலே போயின.

இந்தியாவில் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மம்மன் சாண்டி தலைமையில் தலசீமியா குழந்தைகளுக்கான பணி தொடங்கி, நாட்டின் பெரிய மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. மேலைநாட்டு விதிகள் இங்கே அப்படியே பொருந்தவில்லை. இந்தியரில் பெரும்பான்மையோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே சி.எம்.வி. தொற்றிவிடுவதால், அது தொற்றாத இரத்தக் கொடையாளியைத் தேடுவதில் பயனில்லை. வடிகட்டுவதும், வாரந்தோறும் சோதிப்பதுமே வழி. குழந்தையோடு ஒரு துணை ஆள் இருப்பது நம் மருத்துவமனைகளில் என்றும் இருந்த வழக்கம் என்பதால், தாயை உள்ளே விடுவதா என்ற விவாதம் இங்கே பெரிதாக எழவில்லை. கடினமான பகுதி வார்டுக்கு வெளியே இருந்தது. வெகுதொலைவிலிருந்து வரும் குடும்பங்கள், மாற்று முடிந்து வார்டை விட்டு வந்த பிறகும் மாதக்கணக்கில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி, அடிக்கடி புறநோயாளர் பிரிவின் நெரிசலுக்குக் குழந்தையைத் தூக்கி வர வேண்டும். காத்திருக்கும் கூடமே அந்தக் குழந்தைக்கு மருத்துவமனையின் மிக ஆபத்தான இடம். தனி வாசல், தனி நேரம், தனி அறை என்று ஏற்பாடு செய்வதற்குப் பெரும் பணம் தேவையில்லை, முன்யோசனை போதும்.

மாற்று முடிந்த குழந்தைக்கு முன்பு போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பழைய மஜ்ஜையோடு அழிந்துவிடுவதால், எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். செயலிழந்த கிருமியால் ஆன தடுப்பூசிகள் மாற்றுக்குப் பின் 6 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கப்படுகின்றன. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது 24 மாதம் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் நின்றிருக்க வேண்டும், கொடையாளி அணுக்களின் தாக்குதலும் இருக்கக் கூடாது. அதுவரை வீட்டிலுள்ள எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதும், அண்ணன் தம்பி அக்கா தங்கையருக்குத் தடுப்பூசி அட்டவணை விடுபடாமல் இருப்பதும் மருத்துவர்கள் குடும்பத்திடம் முதலில் கேட்கும் உறுதிமொழிகளாக உள்ளன.